சரிக்கா என்று மட்டும் சொல்லாதே

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.

அன்புள்ள சுமதிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று ஒத்துக்கொண்டே வருவாய், வைத்ததும் உன் இஷ்டப்படிதான் செய்வாய். டீச்சர் டிரெயினிங் சேரச் சொன்னபோதும் இதே "சரிக்கா"தான். அதனால் இந்த முறை உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் செந்திலுக்கும் படித்துக் காட்டு.

நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கர்ப்பப்பையில் நாலு சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு கட்டி, ரத்தம் எட்டு பாயின்ட். இதை எத்தனை மாதமாக மறைத்து வைத்திருந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "வேலை இருந்துச்சுக்கா" என்பாய். என் கோபம் வேறு. ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்துவிட்டு "கர்ப்பப்பையை எடுத்துடலாம், ஓவரியையும் சேர்த்தே எடுத்துட்டா பின்னால தொல்லை இல்லை" என்று ஒருவர் சொன்னாராம், நீயும் தலையாட்டிவிட்டு வந்தாயாம். அடுத்த வெள்ளிக்கிழமை அட்மிஷன், 85,000 ரூபாய் பேக்கேஜ், அதற்கு அம்மாவின் காசுமாலையை அடகு வைக்கப் போகிறீர்களாம். ஏன்டி, பல் பிடுங்குவதற்குக்கூட நாம் ரெண்டு பேரிடம் கேட்போமே.

ரிப்போர்ட்டோடு சேர்த்து நீ அனுப்பிய சீட்டுகளையெல்லாம் புரட்டினேன். கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து சதை எடுத்துப் பார்க்கவில்லை. பாப் ஸ்மியர் எடுக்கவில்லை. உதிரப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை முயன்று பார்க்கவில்லை. எட்டு பாயின்ட் ரத்தத்தோடு நிற்கிறவளுக்கு இரும்புச்சத்து மாத்திரைகூட எழுதவில்லை. "விட்டா கேன்சரா மாறிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஃபைப்ராய்டு கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம், சுமதி. உனக்கு 43 வயது. ஓவரியை இப்போதே எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நின்றுபோன உடம்பாகிவிடும். எலும்பு தேயும், உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும். அந்தத் தொல்லைக்கு யார் பேக்கேஜ் போடுவார்கள்?

நான் டாக்டர் இல்லை, தெரியும். குடும்ப டாக்டர்கள் உட்காரும் ஜி.பி. கிளினிக் ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறவள்தான். ஆனால் அந்த மேஜையில் இருந்து பெண்களின் வியாதி என்னென்ன வழியில் வரும், எங்கே போய் மாட்டும் என்று தினமும் பார்க்கிறேன். அதுமட்டுமில்லை, உனக்கு வந்த இதே கட்டி எனக்கும் வந்ததே. ஜி.பி.யிடம் போனதும் ரத்தப் பரிசோதனை, இரும்பு மாத்திரை, உதிரப்போக்கு நாட்களில் போட்டுக்கொள்ள ட்ரானெக்ஸாமிக் ஆசிட். இவையெல்லாம் முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டன. அதற்கப்புறம் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்துக் கிடந்தேன். அந்த ஒரு வருஷம் நான் பட்ட பாடு அத்தானுக்குத்தான் தெரியும். கடைசியில் ஹார்மோன் உள்ள காயில் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைத்து அனுப்பினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. கர்ப்பப்பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் "லண்டன்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்று பெருமூச்சு விடுவாய். விடாதே. இங்கிலாந்தில் பெண்களுக்கான சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய். மாதவிலக்கு நாட்களில் சுருண்டு படுக்க வைக்கும் வலி. அதைக் கண்டுபிடித்துச் சொல்லவே இந்த நாட்டில் சராசரியாகக் கிட்டத்தட்ட 9 வருஷம் ஆகிறது என்று 2024-இல் அந்த நோயாளிகளின் சங்கமே அறிக்கை விட்டது. காலை எட்டு மணிக்கு எங்கள் கிளினிக் போன் அடிக்க ஆரம்பித்தால் எட்டேகாலுக்கு அன்றைய இடமெல்லாம் தீர்ந்துவிடும். அப்புறம் "நாளைக்குக் கூப்பிடுங்கள்" என்று சொல்வது நான்தான். எதிர்முனையில் அழுகிற பெண்ணிடம் அதைச் சொல்வது எவ்வளவு கேவலமான வேலை என்று எனக்குத் தெரியும்.

இங்கே அறுவை சிகிச்சை செய்தால் டாக்டருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. அதனால் அவசரப்படமாட்டார்கள். அவசரப்பட வேண்டிய இடத்திலும் சில சமயம் அசையமாட்டார்கள் என்பது அதன் மறுபக்கம். நம் ஊரில் காலையில் வலி என்றால் மதியம் ஸ்கேன், மாலையில் ஆபரேஷன் தேதி. வேகம் நல்லதுதான். ஆனால் அந்த வேகம் யாருக்காக என்று கேட்டுப் பார். இந்தியாவில் எடுக்கப்படும் கர்ப்பப்பைகளில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில்தான் எடுக்கப்படுகின்றன. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் என்று 2019-இல் வெளியே வந்தது. மாதவிலக்கு நாளில் லீவு எடுத்தால் கூலி போகும், அபராதம் விழும், அதற்குப் பயந்துதான். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் எடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் இதைத் தடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டார்கள். "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்று உன்னிடம் ஒருவர் சொன்னாரே, அதே வார்த்தையைத்தான் அந்தப் பெண்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

சரி, கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். என் பெண் அனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு 25 ஆகப் போகிறதென்று எனக்கு முன்னால் இங்கத்து அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ்.ஸுக்குத் தெரிந்துவிட்டது! பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பே அவள் பெயருக்குக் கடிதம்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வா என்று. 25 வயதில் ஆரம்பித்து 64 வரை இப்படிக் கூப்பிடுவார்கள். 50 தாண்டிய எனக்கு மார்பகப் பரிசோதனைக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழைப்பு. 71 வரை வரும். போகவில்லை என்றால் வட்டிக்காரன் மாதிரி திரும்பத் திரும்ப எழுதுவார்கள். வலி என்று நாமாகப் போனால் வரிசையில் நிறுத்துகிற அதே ஊர், ஒன்றுமில்லாதபோது வலிய வந்து கூப்பிடுகிறது. எனக்கு இந்த ஊரில் பிடித்த விஷயம் இதுதான்.

ஆனால் கூப்பிட்டவர்கள் எல்லாரும் வருகிறார்களா? மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் வருவதில்லை. அதில் நம்மவர்கள் நிறைய. யார் எவர் என்று நான் சொல்லக் கூடாது, வேலை போய்விடும். பொதுவாகச் சொல்கிறேன். "கல்யாணமாகாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று மகளின் கடிதத்தைக் கிழித்துப்போட்ட அம்மாவும் உண்டு. மேஜைக்கு அருகில் குனிந்து, "லேடி டாக்டரா இருப்பாங்களா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டுவிட்டு, இருப்பார்கள் என்றால்கூட வராமல் போனவர்களும் உண்டு. நான் அவர்களிடம் சொல்வது: பெண் நர்ஸ்தான் எடுப்பார், கூட ஒருவர் நிற்க வேண்டும் என்றால் கேட்கலாம், தமிழில் பேச ஆள் வேண்டும் என்றாலும் இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

லேடி டாக்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. யூஸ்டன் ரோட்டில் போகும்போதெல்லாம் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் கட்டிய பெண்கள் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தைப் பார்ப்பேன். இந்த நாட்டிலேயே தகுதி பெற்று 1865-இல் டாக்டரான முதல் பெண். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர ஒத்துக்கொண்டது 1878-இல்தான். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1875-இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரி நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வக்கீலாக இருந்தவரின் மனைவி. ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று பிரசவத்தில் செத்துப்போகும் பெண்களைப் பார்த்துப் பொறுக்காமல் படிக்க வந்தவர். சென்னையில் படித்துவிட்டுத்தான் லண்டனுக்கு வந்து மேலே படித்தார். திரும்பிப் போய் 1885-இல் அவர் தொடங்கியதுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. நம் சின்னம்மா பிரசவத்துக்குப் போயிருந்தபோது அவளுக்கான சோற்றுத் தூக்கோடு நீயும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோமே, அதே ஆஸ்பத்திரி.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் 1925-இல் இந்த லண்டனுக்கு வந்து பெண்கள், குழந்தைகள் மருத்துவம் படித்தார். அவர் தங்கை புற்றுநோயில் இறந்தவர். அந்தத் துக்கம் அவரைவிட்டுப் போகவே இல்லை. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது அதனால்தான். தங்கைக்காக ஒரு ஆஸ்பத்திரியே கட்டிய அக்கா அவர். என்னால் முடிந்தது ஒரு கடிதம். அதையாவது முழுக்கப் படி.

அவர் பெயரிலுள்ள அரசுத் திட்டத்தில்தானே உனக்கு யாழினி பிறந்தபோது 12,000 ரூபாய் வந்தது? பின்னால் அது 18,000 ஆனது. அந்த ஒன்பது மாதம் நினைவிருக்கிறதா? நீ மாசமாக இருக்கிறாய் என்று மாமியாரிடம் சொல்லும் முன்பே கிராமத்து நர்ஸம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பதிவு நம்பர், ஊசி, இரும்பு மாத்திரை, மாதா மாதம் எடை. ஒரு மாதம் நீ போகவில்லை என்று வீட்டு வாசலுக்கே வந்து திட்டினாரே! 2018-20 கணக்கில் இந்தியாவில் லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. அதற்குப் பிறகு இன்னும் குறைந்திருக்கிறது. அந்த நர்ஸம்மாக்களின் செருப்புத் தேய்ந்ததில் குறைந்த கணக்கு அது. எனக்கு இங்கே அனு பிறந்தபோது டீயும் ரொட்டியும் கொடுத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா மட்டும் வந்திருக்காவிட்டால் பூண்டுக் குழம்பும் இல்லை, வெந்நீர் ஊற்ற ஆளும் இல்லை.

இங்கே எல்லாப் பெண்ணுக்கும் ஒரே நீதி என்றும் நினைத்துவிடாதே. 2020-22-இல் இந்த நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 13 தாய்மார்கள் இறந்தார்கள். குறைவுதான். ஆனால் அதற்குள்ளேயே கறுப்பினப் பெண்கள் இறப்பது வெள்ளைக்காரப் பெண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். நம்மைப் போன்ற ஆசியப் பெண்களுக்கும் ஆபத்து கூடுதல்தான். நீண்டகால விசாவில் வருகிறவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் கட்டணமாக வருஷத்துக்கு 1,035 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். விசா முடிந்துபோன கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்க்க மறுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பில் பின்னால் வரும், சாதாரணச் செலவைப் போல ஒன்றரை மடங்கு. அந்தப் பில்லுக்குப் பயந்தே செக்கப்புக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். அவ்வளவு பணம் கொட்டியும் 2021-இல் அங்கே லட்சத்துக்கு 33 தாய்மார்கள் இறந்தார்கள். பக்கத்திலிருக்கும் அயர்லாந்தில் 2012-இல் சவிதா என்ற நம் கர்நாடகத்துப் பெண், கரு கலைந்துகொண்டிருந்தும் சட்டத்தைக் காட்டிக் கலைக்க மறுத்ததில் ரத்தத்தில் கிருமி ஏறி இறந்தாள். அவளும் டாக்டர், பல் டாக்டர். அவள் செத்தபின் அந்த நாடு 2018-இல் ஓட்டுப் போட்டுச் சட்டத்தை மாற்றியது. என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்கா சொல்வார், அவர்கள் நாட்டில் 35 வயதான பெண்ணைக் குடும்ப நல மாது வீடு தேடி வந்து பரிசோதனைக்குக் கூப்பிடுவாராம். 1996-இலிருந்து நடக்கிறதாம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏன் என்றால், உன்னை யார் கூப்பிட்டார்கள்? ரெண்டாவது பிள்ளை பிறந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்ததோடு உன் வாசலுக்கு வந்த நர்ஸம்மா வரவு நின்றது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆயிரத்தில் ஒருவர். வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அரசாங்கம் நம்மைத் துரத்தும். பிள்ளை இறங்கியதும் நாம் யாரென்றே தெரியாது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வருகிறார்கள், நல்லது. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்துகொண்ட 30 முதல் 49 வயதுப் பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை, தமிழ்நாட்டில் 10 பேருக்குக் கிட்டே என்று 2019-21 கணக்கெடுப்பு சொன்னது. 2023 கடைசியில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் அழைக்க ஆரம்பித்தார்கள். உனக்கு அழைப்பு வந்ததா, வரவில்லையா, அதைப் பற்றி இப்போது கவலை இல்லை. நான் கூப்பிடுகிறேன், போ.

பெரியம்மா மார்பில் கட்டியை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீயும் அதே குணம். உன் பிள்ளைகளுக்குச் சளி என்றால் மழையில் ஓடுகிறாய், உனக்கு என்றால் "பாத்துக்கலாங்க்கா".

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை தேதி வேண்டாம் என்று சொல். காரணம் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குத் தஞ்சாவூர் போய் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடு. கூட்டமாகத்தான் இருக்கும், உட்கார இடம் கிடைக்காது, யாராவது எரிந்து விழுவார்கள். பொறுத்துக்கொள். மருத்துவக் கல்லூரியின் பெரிய டாக்டர்கள் இருக்கும் இடம். மாத்திரையில் குறையுமா, எனக்கு வைத்த மாதிரி காயில் வைக்கலாமா, கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று வாய்விட்டுக் கேள். சதைப் பரிசோதனையும் ஸ்மியரும் எடுக்கச் சொல்லிக் கேள். எல்லாம் பார்த்துவிட்டு அவர்களும் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும் என்றால், எடுத்துக்கொள்ளலாம். நான் குறுக்கே நிற்கமாட்டேன். அங்கேயே காசில்லாமல் செய்வார்கள், காசுமாலை பெட்டியிலேயே இருக்கட்டும். ஓவரியை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் தனியாகக் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடாதே. அதுவரை இரும்பு மாத்திரையைச் சாப்பிடு, அதை விழுங்கி ஒரு மணி நேரத்துக்கு டீ குடிக்காதே. ட்ரானெக்ஸாமிக் ஆசிட்டை நான் சொன்னேன் என்று மெடிக்கல் ஷாப்பில் நீயாக வாங்கிப் போட்டுவிடாதே, டாக்டர் எழுதட்டும்.

யாழினிக்கு 13 ஆகிறதே, அவளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டாயா? இங்கே 2008-இலிருந்து பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். அனுவும் அப்படித்தான் போட்டுக்கொண்டாள், 2019-இலிருந்து பையன்களுக்கும் போடுகிறார்கள். 12, 13 வயதில் அந்த ஊசிக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. நம் புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் ஊசி 2023-இல் வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கிறதா என்று அதே திங்கட்கிழமை விசாரி. இல்லையென்றால் வெளியே போடு, பணம் நான் அனுப்புகிறேன். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு எதுக்கு அந்த ஊசி" என்று உன் மாமியார் ஆரம்பித்தால், அனு பெயரைச் சொல்.

செந்திலிடம் ஒரு வார்த்தை: தம்பி, அவள் ஓ.பி. வரிசையில் நிற்கும்போது நீங்களும் லீவு போட்டுவிட்டுக் கூட நில்லுங்கள். வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். டாக்டர் சொல்வதை ரெண்டு பேரும் கேட்டால்தான் ஒன்றாவது மனதில் நிற்கும்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. அத்தானுக்கு முட்டி வலி. போன வாரம் மேனர் பார்க் முருகன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அதை நம்பி நீ சும்மா இருந்துவிடாதே. திங்கட்கிழமை ஓ.பி. சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சீட்டு வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை காலை உனக்கு இல்லை, உன் மாமியாருக்குத்தான் போன் செய்வேன்.

அன்புடன்,
உன் அக்கா
வசந்தி